நிழலும் நோய்முதலும்
மார்பு ஸ்கேன் வழி நச்சுயிரி நிமோனியாவை அறிதல் – ஓர் ஆய்வு

முன்னுரை

தமிழ்த்துறையின் மலரில் மருத்துவப் படத்தைப் பற்றிய கட்டுரைக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். நோயை அறிவது மருத்துவர் கடமை. ஆனால் அறிந்ததை நோயாளிக்கும் அவர் குடும்பத்தார்க்கும் விளங்கச் சொல்வது மொழியின் கடமை. 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனா பெருந்தொற்று கொங்கு மண்டலத்தை உலுக்கியபோது, இவ்விரண்டனுள் இரண்டாவது கடமை போதிய அளவு நிறைவேறவில்லை என்பதை நாம் அனைவரும் கண்டோம். 'சி.டி. ஸ்கேன்' என்னும் சொல் சிற்றூர்த் திண்ணை வரை வந்து சேர்ந்தது. அதன் பொருள் வந்து சேரவில்லை.

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து', நோய் இன்னதென்பதையும், அந்நோய்க்குரிய முதற்காரணத்தையும், அதனைத் தணிக்கும் வழியையும் தனித்தனியே ஆராயுமாறு மருத்துவர்க்கு அறிவுறுத்துகின்றது. இம்மூன்றும் மூன்று வேறு வினாக்கள். ஒன்றற்குரிய விடையை மற்றொன்றற்குரிய விடையாகக் கொள்ளலாகாது. மார்பு ஸ்கேன் இம்மூன்றனுள் எதற்கு விடை தருகின்றது, எதற்குத் தரவில்லை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நுரையீரலும் நிமோனியாவும்

நாம் உள்ளிழுக்கும் காற்று மூச்சுக்குழல் வழியாகச் சென்று, கிளை கிளையாகப் பிரிந்து, இறுதியில் காற்று நுண்ணறைகளை அடைகின்றது. வளர்ந்த ஒருவரின் நுரையீரல்களில் இத்தகைய நுண்ணறைகள் சுமார் 30 கோடிக்கும் மேல் உள்ளன. அவற்றின் மெல்லிய சுவரைச் சுற்றி நுண்குருதிக் குழல்கள் பின்னியுள்ளன. காற்றிலுள்ள உயிர்வளி குருதியிற் கலப்பது இச்சுவரின் வழியேதான்.

இதயத்திலிருந்து குருதி நுரையீரலுக்குச் சென்று மீளும் இச்சுற்றினை முதன்முதலில் தெளிவாக எழுதி வைத்தவர் 13ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த மருத்துவ மேதை இப்னு நஃபீஸ் ஆவார். குருதி இதயத்தின் நடுச்சுவரிலுள்ள கண்ணுக்குப் புலனாகாத துளைகளின் வழியே வலப்புறத்திலிருந்து இடப்புறம் செல்கின்றது என்பது கிரேக்க மருத்துவர் கேலனின் கொள்கை. இப்னு சீனாவின் மருத்துவ நூலிலுள்ள உடற்கூற்றியற் பகுதிக்கு எழுதிய உரையில், அத்தகைய துளைகள் இல்லை என்றும், குருதி நுரையீரலுக்குச் சென்று காற்றோடு கலந்தே இடப்புறத்தை அடைகின்றது என்றும் இப்னு நஃபீஸ் நிறுவினார். முன்னோர் சொல்லையும் ஆராய்ந்தே ஏற்க வேண்டும் என்னும் அவரது நெறி நம் ஆய்வுக்கும் வழிகாட்டியாகும்.

நுண்ணறைகளில் காற்றுக்குப் பதிலாக நீரும், சளியும், அழற்சி உயிரணுக்களும் நிறையும் நிலையே நிமோனியா எனப்படும் நுரையீரல் அழற்சியாகும். இதனைப் பாக்டீரியாக்களும் உண்டாக்கலாம், நச்சுயிரிகளும் உண்டாக்கலாம், பூஞ்சைகளும் உண்டாக்கலாம். பாக்டீரியா நிமோனியா பெரும்பாலும் நுரையீரலின் ஒரு மடலைப் பற்றி நிறைக்கும். நச்சுயிரி நிமோனியா பெரும்பாலும் நுண்ணறைச் சுவர்களை முதலில் தாக்கி, இரு நுரையீரல்களிலும் திட்டுத் திட்டாகப் பரவும். எனினும் 'பெரும்பாலும்' என்னும் சொல்லை மறத்தல் கூடாது. விதிவிலக்குகள் மிகுதி.

ஊடுகதிர் வளர்ந்த வரலாறு

ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் 1895 நவம்பர் 8ஆம் நாள் வில்ஹெல்ம் ராண்ட்ஜன் ஊடுகதிரைக் கண்டறிந்தார். 1901இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்கே வழங்கப்பெற்றது. நெஞ்சினைத் திறவாமல் நுரையீரலைக் காணும் வழி அன்று பிறந்தது. எனினும் சாதாரண எக்ஸ்ரே படத்தில் விலா எலும்பு, இதயம், நுரையீரல் ஆகிய யாவும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த நிழல்களாகவே தெரியும். இதயத்தின் பின்னுள்ள சிறு திட்டினை இதயத்தின் நிழல் மறைத்துவிடும்.

இக்குறையை நீக்கியவர் இங்கிலாந்துப் பொறியாளர் காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு. உடலைச் சுற்றிப் பல கோணங்களிலிருந்து ஊடுகதிரைச் செலுத்தி, கிடைத்த அளவுகளைக் கணிப்பொறியால் தொகுத்து, உடலின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை அவர் உருவாக்கினார். 1971 அக்டோபர் 1ஆம் நாள் இலண்டனில் ஒரு நோயாளியின் மூளை முதன்முதலாக இவ்வாறு படமாக்கப்பெற்றது. இதற்குரிய கணித அடிப்படையைத் தனியே வகுத்திருந்த ஆலன் கார்மாக்குடன் 1979இல் அவர் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

சி.டி. ஸ்கேன் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் உண்மையில் ஓர் எண்ணேயாகும். அவ்வெண் ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயராலேயே வழங்குகின்றது. நீரின் அளவு 0. காற்றின் அளவு எதிர்மம் 1000. காற்று நிறைந்த நலமான நுரையீரல் ஏறத்தாழ எதிர்மம் 700க்கும் எதிர்மம் 900க்கும் இடையில் அமையும். நுண்ணறையில் நீர் சேரச் சேர இவ்வெண் 0ஐ நோக்கி நகரும். படத்தில் கருமை குறைந்து வெண்மை கூடும். ஆகவே, ஸ்கேன் காண்பது நச்சுயிரியை அன்று. காற்று இருக்கவேண்டிய இடத்தில் காற்றுக் குறைந்துள்ளது என்பதையே அது காண்கின்றது. பின்வரும் செய்திகள் யாவற்றுக்கும் இவ்வுண்மையே அடிப்படை.

படம் பேசும் மொழி

மருத்துவ அறிக்கைகளில் அடிக்கடி வரும் சொற்கள் மூன்றினை இங்கு விளக்குதல் பொருந்தும்.

முதலாவது, 'கிரவுண்ட் கிளாஸ்' எனப்படும் மங்கல். குளியலறைச் சன்னலில் பொருத்தும் தேய்த்த கண்ணாடியின் பெயரால் இது அமைந்தது. 'தேய்கண்ணாடி மங்கல்' என்று நாம் இதனை வழங்கலாம். வால்பாறைச் சாலையில் மூடுபனி இறங்கும்போது மரங்களின் கிளைகள் முற்றிலும் மறைவதில்லை. வெண்திரைக்குப் பின்னே தெரிகின்றன. அதுபோல இம்மங்கலின் ஊடே குருதிக் குழல்கள் தெரியும். நுண்ணறைகளில் காற்று இன்னும் ஓரளவு உள்ளது என்பது இதன் பொருள்.

இரண்டாவது, 'கன்சாலிடேஷன்'. இதனை 'இறுகல்' எனலாம். நுண்ணறைகள் முழுதும் நிறைந்து, குருதிக் குழல்களும் தெரியாத வண்ணம் வெண்மை படர்ந்த நிலை இது.

மூன்றாவது, 'கிரேசி பேவிங்'. ஒழுங்கற்ற கற்களைப் பாவிய முற்றத்தின் இடுக்குக் கோடுகளைப் போல, மங்கலின் மீது வலைக்கோடுகள் தோன்றுவது. 'பாவுகல் கோலம்' என்பது இதற்குப் பொருந்தும் தமிழாகும்.

கோவிட் நிமோனியாவில் தேய்கண்ணாடி மங்கல் பெரும்பாலும் இரு நுரையீரல்களிலும், ஓரங்களை ஒட்டியும், பின்புறத்திலும், கீழ் மடல்களிலும் காணப்பட்டது. நோய் முற்ற முற்றப் பாவுகல் கோலமும் இறுகலும் சேர்ந்தன. அறிகுறி தோன்றிய சுமார் 10ஆம் நாளையொட்டி இம்மாற்றங்கள் உச்சத்தை எய்திப் பின்னர் மெல்லக் கரைந்தன.

இதிலிருந்து பெறப்படும் ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. 2020 தொடக்கத்தில் சீன நோயாளிகள் 121 பேரின் படங்களை ஆராய்ந்த ஆய்வொன்றில், அறிகுறி தோன்றி இரண்டு நாட்களுக்குள் படமெடுத்த 36 பேருள் 20 பேரின் நுரையீரல் நலமாகவே தோன்றியது. அவர்களுக்கு நோய் இருந்தது. படத்தில் நிழல் இன்னும் விழவில்லை. காய்ச்சல் கண்ட மறுநாளே ஸ்கேன் எடுத்து 'ஒன்றுமில்லை' என்று மனநிறைவு கொள்வது எத்துணைப் பிழை என்பதை இது காட்டும்.

ஊகானில் எழுந்த வினா

2019 டிசம்பரில் சீனாவின் ஊகான் நகரில் புதிய நிமோனியா பரவியபோது, நச்சுயிரியின் மரபுப் பொருளைக் கண்டறியும் ஆர்.டி.பி.சி.ஆர். சோதனைப் பொருள்கள் போதிய அளவில் கிடைக்கவில்லை. ஸ்கேன் கருவிகளோ மருத்துவமனைகளில் இருந்தன. எனவே ஹூபே மாநிலத்தார், சோதனை முடிவுக்குக் காத்திராமல், அறிகுறியும் ஸ்கேன் படமும் பொருந்தியவர்களையும் நோயாளர் கணக்கில் சேர்க்கத் தலைப்பட்டனர். 2020 பிப்ரவரி 12ஆம் நாளுக்குரிய கணக்கில் அம்மாநிலத்தில் மட்டும் 14,840 புதிய நோயாளர் சேர்ந்தனர். அவர்களுள் 13,332 பேர் இப்புதிய முறையால் சேர்க்கப்பட்டோர். சில நாட்களிலேயே இக்கணக்கு முறை கைவிடப்பட்டது.

அதே மாத இறுதியில் ஊகான் மருத்துவர்கள் 1,014 நோயாளிகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை உலகெங்கும் பேசப்பட்டது. ஆர்.டி.பி.சி.ஆர். சோதனையில் நோய் உறுதிப்பட்டவர்களுள் 97 சதவீதத்தினரை ஸ்கேன் சரியாகக் கண்டது என்பது அதன் முடிவு. இந்த 97 என்னும் எண் ஊர் ஊராகப் பரவியது. அதே கட்டுரையிலிருந்த மற்றோர் எண் பரவவில்லை. சோதனையில் நோயில்லை என்று வந்தவர்களுள் 25 சதவீதத்தினரை மட்டுமே ஸ்கேனும் நோயில்லாதவர் என்றது. எஞ்சிய 75 சதவீதத்தினர் மீதும் ஐயத்தின் நிழல் விழுந்தது. அவர்களுள் சிலர்க்கு உண்மையிலேயே நோய் இருந்து, மூக்குச் சளிச் சோதனை அதனைத் தவறவிட்டிருக்கலாம். அவ்வாறு கழித்துப் பார்த்தாலும் குறை குறையே.

மாணவர்கள் தாமே போட்டுப் பார்க்கத்தக்க கணக்கு ஒன்றனை இங்குத் தருகின்றோம். ஓர் ஊரில் 1,000 பேருக்கு ஸ்கேன் எடுக்கின்றனர் எனக் கொள்வோம். அவர்களுள் 100 பேருக்கே நோய் உண்டு. மேற்சொன்ன அளவுகளின்படி அந்த 100 பேருள் 97 பேரை ஸ்கேன் கண்டுவிடும். நோயில்லாத 900 பேருள் 675 பேரையும் நோயாளர் என்றே அது காட்டும். ஆக, 'நோய் உண்டு' என்று குறிக்கப்பெற்ற 772 பேருள் உண்மை நோயாளர் 97 பேர் மட்டுமே, எட்டில் ஒருவர். நோய் உச்சத்தில் உள்ள மருத்துவமனை வாயிலில் வந்து நிற்கும் 1,000 பேருள் 800 பேருக்கு நோய் உண்டு எனக் கொண்டால், ஸ்கேன் குறிக்கும் 926 பேருள் 776 பேர் உண்மை நோயாளராவர். கருவியும் ஒன்று, படமும் ஒன்று; யாருக்கு எடுக்கின்றோம் என்பதைப் பொறுத்து விடையின் நம்பகம் மாறுகின்றது.

பின்னர் வந்த ஆய்வுகள் பலவற்றையும் தொகுத்து நோக்கிய காக்ரேன் குழுவினர், 2021இல், ஸ்கேன் நோயாளரைக் காணும் திறன் ஏறத்தாழ 88 சதவீதம் என்றும், நோயில்லாதாரை விலக்கும் திறன் ஏறத்தாழ 80 சதவீதம் என்றும் மதிப்பிட்டனர். படிப்போர் கண் பழகப் பழக ஸ்கேனின் நம்பகம் உயர்ந்தது எனலாம். எனினும் இந்த அளவுகளைக் கொண்டு முதற்கணக்கை மீண்டும் போட்டால், நோயாளர் எனக் குறிக்கப்படும் 268 பேருள் 88 பேரே உண்மை நோயாளராவர்.

அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 2020 மார்ச்சு மாதத்திலேயே, ஸ்கேனை முதற்கட்டச் சோதனையாகப் பயன்படுத்த வேண்டா என்று அறிவித்தது. உலக நலவாழ்வு நிறுவனம் அதே ஆண்டு ஜூன் மாதம் வெளியிட்ட வழிகாட்டி இதனை மேலும் பகுத்துரைத்தது. அறிகுறியற்றவர்க்கு நோயறிய ஸ்கேன் வேண்டா. அறிகுறி உள்ளவர்க்கும், ஆர்.டி.பி.சி.ஆர். முடிவு உரிய காலத்தில் கிடைக்குமாயின், நோயறிய ஸ்கேன் வேண்டா. அச்சோதனை கிடைக்காத இடத்தும், முடிவு தாமதமாகும் இடத்தும், முடிவு 'இல்லை' என்று வந்தும் மருத்துவரின் ஐயம் நீங்காத இடத்தும் ஸ்கேன் உதவும். அறிவியல் இங்கு ஸ்கேனை விலக்கவில்லை. அதற்குரிய இடத்தில் அமர்த்தியது.

கொங்கு மண்டலத்தில் ஸ்கேன்

கோவை சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை பெருந்தொற்றுக் காலத்தில் கொரோனா மருத்துவமனையாக மாற்றப்பட்டது. தொழிற்கண்காட்சிகள் நடைபெறும் கொடிசியா வளாகம் நோயாளர் தங்குமிடமாயிற்று. காசநோய்க்கான சானடோரியம் இருந்த பெருந்துறை வளாகத்தில் எழுந்த மருத்துவக் கல்லூரி, ஈரோடு மாவட்ட நோயாளரை ஏற்றது. 2021 மே மாத இறுதியில் நாள்தோறும் பதிவாகும் புதிய தொற்றுகளின் எண்ணிக்கையில் கோவை மாவட்டம் சென்னையையும் விஞ்சியது. மே 30ஆம் நாள் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பாதுகாப்புக் கவச உடையணிந்து இ.எஸ்.ஐ. மருத்துவமனையின் நோயாளர் பகுதிக்குள் சென்றது, அன்றைய நெருக்கடியின் அளவைக் காட்டும்.

அந்நாட்களில் மருத்துவரின் சீட்டு இல்லாமலே ஸ்கேன் மையங்களுக்கு விரைந்தோர் பலர். சளிச் சோதனை முடிவுக்குக் காத்திருக்கும் நாட்களின் அச்சம் ஒரு காரணம். சில மணி நேரத்தில் படம் கைக்கு வந்துவிடும் என்பது மற்றொரு காரணம். அவர்களைக் குறை சொல்வது எளிது. தந்தைக்கு மூச்சு வாங்கும் வீட்டில் நின்று பார்ப்பவர்க்கே அவ்வச்சம் விளங்கும். குறை அவர்களிடத்தில் இல்லை. படத்தின் பொருளை எடுத்துரைக்க ஆளில்லாமற் போனதே குறை.

ஓர் எண்ணின் கதை

ஸ்கேன் அறிக்கைகள் ஆங்கிலத்தில் இருந்தன. இரண்டு பக்கங்களில் மக்கள் படித்தறிய முடிந்தது ஒரே ஓர் எண். அதுவே '25க்கு இவ்வளவு' என்பது. அதன் வகுப்பு முறையை அறிந்தால்தான் பொருள் விளங்கும்.

வல நுரையீரலுக்கு மூன்று மடல். இட நுரையீரலுக்கு இரண்டு மடல். ஆக ஐந்து. ஒவ்வொரு மடலிலும் பாதிப்பு 5 சதவீதத்துக்குக் குறைந்தால் 1 மதிப்பெண். 5 முதல் 25 சதவீதம் வரை 2. 26 முதல் 49 வரை 3. 50 முதல் 75 வரை 4. அதற்கு மேல் 5. ஐந்து மடலுக்கும் சேர்த்து மொத்தம் 25.

பலரும் இம்மதிப்பெண்ணைத் தேர்வு மதிப்பெண்போலச் சதவீதமாக மாற்றிக்கொண்டனர். ஐந்து மடல்களிலும் 5 சதவீதத்துக்குக் குறைவான சிறு திட்டுகளே உள்ள ஒருவர் பெறுவது 25க்கு 5. அதனைச் சதவீதமாக்கினால் 20 ஆகும். உண்மைப் பாதிப்போ 5 சதவீதத்துக்கும் கீழ். ஐந்து மடல்களிலும் 30 சதவீதம் பாதிப்புள்ளவர் பெறுவது 25க்கு 15. அதனைச் சதவீதமாக்கினால் 60, உண்மை 30. இவ்வாறு மிகைப்பட்ட எண்களால் நலமடையக்கூடியோர் பலர் நடுங்கினர்.

இதன் மறுபுறமும் உண்டு. மூன்றாம் நாள் எடுத்த படத்தில் 25க்கு 3 என்று வந்ததைக் கொண்டு, ஏழாம் நாள் மூச்சுத்திணறல் கண்டபோதும் 'மூன்றுதானே' என்று வீட்டிலிருத்தல் பேரிடருக்கு வழி. எண் அந்நாளின் எண். நோய் அந்நாளோடு நிற்பதில்லை.

சிகிச்சை முறையை முடிவுசெய்ய 2021 மே மாதத்தில் வழக்கிலிருந்த தேசிய வழிகாட்டுதல்கள் முதன்மையாகக் கருதியது இம்மதிப்பெண்ணை அன்று. மூச்சுத்திணறல் உண்டா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, குருதியில் உயிர்வளியின் செறிவு எவ்வளவு என்பனவே அளவுகோல்கள். செறிவு 90 முதல் 93 சதவீதம் வரை எனில் நடுத்தர நோய். 90க்குக் கீழ் எனில் கடும் நோய். விரல் நுனியில் மாட்டும் சிறு கருவி இதனை நொடிகளில் சொல்லிவிடும். படம் நுரையீரலின் தோற்றத்தைச் சொல்லும். விரற்கருவி நுரையீரலின் செயலைச் சொல்லும்.

கதிர்வீச்சு பற்றிய விவாதம்

2021 மே 3ஆம் நாள் தில்லி எய்ம்ஸ் இயக்குநராக இருந்த மருத்துவர் ரண்தீப் குலேரியா, ஒரு சி.டி. ஸ்கேன் 300 முதல் 400 மார்பு எக்ஸ்ரேக்களுக்கு ஒப்பானது என்றும், இலேசான நோயுள்ளோர் அதனை எடுப்பதால் பயனில்லை என்றும் எச்சரித்தார். இந்தியக் கதிரியலாளர் சங்கம் இதனை மறுத்து, இன்றைய கருவிகளின் குறைந்த கதிர் முறையில் அது 5 முதல் 10 எக்ஸ்ரேக்களுக்கே ஒப்பாகும் என்றது. மக்கள் எதனை நம்புவது என்று திகைத்தனர்.

நம் கணிப்பில், ஒப்பிடும் பொருள்கள் வேறுபட்டமையே இம்முரணுக்குக் காரணம். கதிர்வீச்சினை மில்லிசீவெர்ட் என்னும் அலகால் அளப்பர். வழக்கமான மார்பு ஸ்கேன் சுமார் 7 அலகு. நேர்முகமாக எடுக்கும் ஒற்றை எக்ஸ்ரே சுமார் 0.02 அலகு. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 350 வரும். குறைந்த கதிர் ஸ்கேன் 1 அலகளவு. இரு கோணங்களில் எடுக்கும் எக்ஸ்ரே 0.1 அலகளவு. வகுத்தால் 10 வரும். மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் மனிதர் இயல்பாகப் பெறும் கதிர்வீச்சின் உலகச் சராசரி ஆண்டுக்கு 2.4 அலகு என்பதையும் உடன் வைத்து நோக்கினால், தேவைப்படும் ஒரு ஸ்கேனைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்பதும், தேவையின்றி மூன்று நாளுக்கு ஒன்றாக எடுத்தல் தகாது என்பதும் ஒருங்கே புலனாகும்.

நிழல்கள் பலவாகும்

தேய்கண்ணாடி மங்கல் கொரோனாவுக்கு மட்டும் உரியதன்று. இன்புளுயன்சா நிமோனியாவிலும் அது தோன்றும். 2009இல் பரவிய எச்1என்1 காய்ச்சலிலும் தோன்றியது. இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோப்பினும் தோன்றும். நுரையீரலில் குருதி கசியினும் தோன்றும். சில மருந்துகளின் ஒவ்வாமையாலும் தோன்றும். பெருந்தொற்றின் உச்சத்தில் 'இந்நிழல் கொரோனாவாகவே இருக்கும்' என்று ஊகித்தல் பெரும்பாலும் சரியாயிற்று. இன்று அவ்வூகம் பொருந்தாது.

நம் மண்டலத்துக்கெனத் தனிக் கவலையும் உண்டு. 1888இல் தொடங்கிய ஸ்டேன்ஸ் மில் முதலாகக் கோவை பஞ்சாலை நகராக வளர்ந்தது. பல்லாண்டுகள் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தோர்க்குப் பிசினோசிஸ் என்னும் மார்பு நோய் வருவதுண்டு. வார விடுமுறை கழிந்து ஆலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவது அதன் அடையாளம். இந்நோய்க்கே உரிய குறி எக்ஸ்ரே படத்தில் இல்லை. தொழில் வரலாற்றைக் கேட்டே அறிய வேண்டும். மாறாக, ஆறிப்போன காசநோய் ஆழ்ந்த தழும்புகளைப் படத்தில் விட்டுச்செல்லும். ஆகவே, ஆலையில் உழைத்து ஓய்ந்த முதியவர் ஒருவரின் ஸ்கேனைப் படிப்பவர், அவர் எத்தொழில் செய்தார், முன்பு என்ன நோயுற்றார் என்பவற்றைக் கேளாமற் படிப்பின் பழைய நிழலைப் புதிய நோயாகவும், புதிய நோயைப் பழைய நிழலாகவும் கொள்ள நேரும். பழைய படங்களைப் பாதுகாத்து வைத்திருந்து மருத்துவரிடம் காட்டுவது இதற்கு நல்ல துணையாகும்.

படிக்கும் பணியைக் கணிப்பொறியிடமே ஒப்படைத்துவிடலாம் என்னும் நம்பிக்கையும் அக்காலத்தில் ஓங்கியது. 2021இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் குழுவினர், படங்களிலிருந்து கொரோனாவைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு முறைகளைப் பற்றிய கட்டுரைகளுள் தரம் பார்த்துத் தெரிந்தெடுத்த 62 கட்டுரைகளை ஆராய்ந்தனர். மருத்துவப் பயன்பாட்டுக்கு உகந்த நிலையில் ஒன்றும் இல்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. சில ஆய்வுகளில் கொரோனா நோயாளரின் படங்கள் பெரியவர்களுடையவை. ஒப்பிடுவதற்கு வைத்த படங்களோ குழந்தைகளுடையவை. அத்தகைய பொறி கொரோனாவைக் கண்டறியவில்லை. பெரியவரையும் குழந்தையையும் வேறுபடுத்தவே கற்றது. எதனை எதனோடு ஒப்பிடுகின்றோம் என்னும் தெளிவு ஆய்வுக்கு உயிர் என்பதை இலக்கிய மாணவரும் இதிலிருந்து கற்கலாம்.

தமிழில் ஓர் அறிக்கை

மருத்துவத்தைத் தமிழிற் சொல்ல இயலுமா என்னும் ஐயம் புதிதன்று. அதற்கு விடையும் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்தில் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீன் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் அச்சேற்றினார். நம் கோவையிலிருந்தே ஜி.ஆர். தாமோதரன் அவர்களின் முயற்சியால் 'கலைக்கதிர்' என்னும் அறிவியல் இதழ் வெளிவந்து, கலைச்சொற்களை நாடெங்கும் பரப்பியது. அம்மரபின் வழியினராகிய நாம், ஸ்கேன் அறிக்கையின் இறுதியில் நோயாளிக்கென நான்கு வரித் தமிழ்ச் சுருக்கம் இடம்பெற வேண்டும் என முன்மொழிகின்றோம். அதன் மாதிரி பின்வருமாறு அமையலாம்:

"இரு நுரையீரல்களின் கீழ்ப்பகுதியிலும் ஓரங்களிலும் இலேசான மங்கல் தெரிகிறது. இது நச்சுயிரி நிமோனியாவில் காணப்படும் தோற்றம். வேறு காரணங்களாலும் வரலாம். எந்தக் கிருமி என்பதைச் சளிச் சோதனையே உறுதி செய்யும். இப்படம் இன்றைய நிலையை மட்டும் காட்டுகிறது. மூச்சு வாங்கினாலோ, விரற்கருவியில் அளவு 94க்குக் கீழ் இறங்கினாலோ உடனே மருத்துவரை அணுகவும்."

இதில் அரிய கலைச்சொல் ஒன்றும் இல்லை. ஆயினும் படம் அறிந்ததும், அறியாததும், அடுத்துச் செய்யவேண்டியதும் இதில் உள்ளன. இத்தகைய வரிகள் 2021இல் நம் மக்கள் கையில் இருந்திருப்பின் வீண் அச்சமும் வீண் துணிவும் ஒருங்கே குறைந்திருக்கும்.

முடிவுரை

2023 மே 5ஆம் நாள் உலக நலவாழ்வு நிறுவனம் கொரோனா அவசரநிலை முடிவுற்றதாக அறிவித்தது. நச்சுயிரி நிமோனியா முடிவுறவில்லை. குளிர்காலந்தோறும் இன்புளுயன்சாவும் பிற நச்சுயிரிகளும் முதியோரையும் குழந்தைகளையும் தாக்கிக்கொண்டுதான் உள்ளன.

இதுகாறும் கண்டவற்றால் தெளிவாவன இவை. நோய் நுரையீரலை எவ்வளவு பற்றியுள்ளது என்னும் வினாவுக்கு ஸ்கேன் சிறந்த விடை தருகின்றது. நோய்முதல் எது என்னும் வினாவுக்கு அது ஊகத்தையே தருகின்றது. உறுதி கிருமியைக் கண்டறியும் சோதனையால் வருவது. தணிக்கும் வழி யாது என்னும் வினாவுக்கு விடை, நோயாளியின் மூச்சையும், உயிர்வளி அளவையும், வயதையும், பிற நோய்களையும் ஒருங்கு நோக்கும் மருத்துவரிடமே உள்ளது. மூன்று வினாக்களையும் ஒரே படத்திடம் கேட்டதால் விளைந்த துன்பத்தை நாம் ஒருமுறை பட்டுவிட்டோம்.

மாணவர்கள் தத்தம் ஊரில், தத்தம் வீட்டில், மருத்துவ அறிக்கையைக் கையிலேந்தித் திகைத்து நிற்போர்க்கு அதனைப் படித்துச் சொல்லும் ஆற்றலைப் பெறுதல் வேண்டும். தமக்கு விளங்காததை மருத்துவரிடம் கேட்டுத் தெளியும் துணிவையும் பெறுதல் வேண்டும். ஊர்ப் பெரியோர்கள், அறிகுறி கண்டவுடன் ஸ்கேன் மையத்துக்கு முன் மருத்துவரை நாடுமாறு தம்மவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும். தமிழாசிரியர்களும் மருத்துவர்களும் ஓரிடத்தில் அமர்ந்து நல்ல சொற்களை ஆக்குதல் வேண்டும். இம்முயற்சி நம் கல்லூரியிலிருந்தே தொடங்குமாயின், அது இம்மலருக்கும் பெருமை, இம்மண்ணுக்கும் நலம்.